அல்ஜீரியா: நாட்டுக்கு முன்னால் பிறந்த அணி

கேள்வி இதுதான்: "அல்ஜீரிய அணியில் பாதிக்கு மேல் பிரான்ஸில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்படியிருக்க அதை எப்படி அந்த நாட்டு அணி என்று சொல்வது? அந்த நாட்டுக்கென்று கால்பந்து வரலாறு ஏதாவது இருக்கிறதா?"

இருக்கிறது. கேள்வியின் முதல் பாதிக்கான பதிலும் அந்த வரலாற்றுக்குள்தான் கிடக்கிறது. பல நாடுகளில் விடுதலை வந்த பிறகு தேசிய அணி அமைத்தார்கள். அல்ஜீரியாவுக்கு விடுதலை கிடைத்தது 1962 ஜூலையில். அதன் தேசிய அணி 1958லேயே ஆடத் தொடங்கிவிட்டது. அந்த முதல் அணியில் இருந்தவர்களும் பிரான்ஸில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடியவர்கள்தான். ஆகவே இன்று பிரான்ஸிலிருந்து ஆட்டக்காரர்கள் வருவதில் புதிதாக ஒன்றுமில்லை. அன்று ராத்திரியோடு ராத்திரியாக எல்லை தாண்டினார்கள், இன்று பகலில் விமானம் ஏறி வருகிறார்கள்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1830ல் பிரெஞ்சுக்காரர்கள் அல்ஜீரியாவைப் பிடித்தார்கள். கால்பந்து குடியேறிகளோடு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது ஒரான் போன்ற துறைமுக நகரங்களில் ஐரோப்பியர்களின் கிளப்புகள் இருந்தன. எழுத்தாளர் ஆல்பெர் கமுவே அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகக் கிளப்பின் இளையோர் அணியில் கோல்கீப்பராக நின்றவர். பதினேழு வயதில் காசநோய் வந்து ஆட்டம் நின்றுபோனது. ஆனால் இது குடியேறிகளின் உலகம். உள்ளூர் முஸ்லிம்களுக்கென்று ஒரு கிளப் வேண்டும் என்ற எண்ணத்தில் 1921 ஆகஸ்டில் அல்ஜியர்ஸின் பழைய நகரமான கஸ்பாவில் ஒரு கிளப் பிறந்தது. நபிகள் பிறந்தநாளைக் குறிக்கும் விதமாக மூலூதியா என்று பெயர் வைத்தார்கள். நம்மூரில் மௌலிது ஓதுகிறார்களே, அதே சொல்தான். பச்சையும் சிவப்பும் நிறங்கள். எம்.சி. அல்ஜேர் என்று இன்றும் நாட்டின் மிகப் பெரிய கிளப்புகளில் ஒன்றாக அது இருக்கிறது. அதன் பிறகு மற்ற ஊர்களிலும் முஸ்லிம் கிளப்புகள் முளைத்தன. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் குடியேறிகளின் அணியைத் தோற்கடித்தால் கஸ்பாவுக்குள் திருவிழா. தேர்தலிலும் நீதிமன்றத்திலும் ஜெயிக்க முடியாத இடத்தில் மைதானத்திலாவது ஜெயிக்கலாம் இல்லையா?

1954ல் இரண்டு சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. செப்டம்பரில் ஒர்லியான்வில் என்ற ஊரில் பெரிய நிலநடுக்கம், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிதி திரட்ட அக்டோபரில் பாரிஸில் ஒரு ஆட்டம் நடந்தது. ஒருபக்கம் பிரான்ஸ், மறுபக்கம் மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா ஆட்டக்காரர்கள் சேர்ந்த வட ஆப்பிரிக்க அணி. வட ஆப்பிரிக்கா 3-2 என்று ஜெயித்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 1ஆம் தேதி விடுதலைப் போர் தொடங்கிவிட்டது. 1956ல் தேசிய விடுதலை முன்னணி, அதாவது எஃப்.எல்.என்., முஸ்லிம் கிளப்புகளை எல்லாப் போட்டிகளிலிருந்தும் விலகச் சொன்னது. மூலூதியா உட்பட எல்லோரும் விலகினார்கள். 1957ல் அல்ஜியர்ஸ் மைதானங்களிலேயே குண்டு வெடித்தது. அதே ஆண்டு மே மாதம் பாரிஸில் பிரெஞ்சுக் கோப்பை இறுதி ஆட்டம். துலூஸ் அணி 6-3 என்று ஆன்ஜேயை வென்றது. துலூஸுக்கு ஆடியவர்களில் இப்ராஹிமி, பூஷூக் என்று இரண்டு அல்ஜீரியர்கள். ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியே வரும்போது, பிரான்ஸை ஆதரித்த அல்ஜீரிய அரசியல்வாதி அலி ஷெக்காலை ஒரு அல்ஜீரிய இளைஞர் சுட்டுக்கொன்றார். மைதானத்துக்குள் இரண்டு அல்ஜீரியர்களுக்குக் கைதட்டல், வாசலில் துப்பாக்கிச் சத்தம். ஓராண்டு கழித்து அந்த இருவரும் என்ன முடிவெடுத்தார்கள் என்பதைக் கீழே பாருங்கள்.

இப்போது கதையின் மையத்துக்கு வருகிறோம். 1958 ஏப்ரல். ஸ்வீடன் உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஏப்ரல் 16ஆம் தேதி சுவிட்சர்லாந்துடன் பிரான்ஸுக்கு நட்பு ஆட்டம். மொனாக்கோ கிளப்பில் ஆடிய அல்ஜீரியர் முஸ்தஃபா ஸித்தூனி பிரான்ஸ் டிஃபென்ஸின் தூண். சேந்த்-எத்தியென் கிளப்பில் ஆடிய இன்னொரு அல்ஜீரியர் ரஷீத் மெக்லூஃபிக்கு 21 வயது. முந்தைய ஆண்டு லீக் சாம்பியன், பிரெஞ்சு ராணுவ அணியோடு உலக ராணுவக் கோப்பையும் வென்றவர். அவரும் உலகக் கோப்பைக்குப் போவார் என்றுதான் பேச்சு. முகமது பூமெஸ்ராக் என்ற முன்னாள் ஆட்டக்காரர் எஃப்.எல்.என். சார்பில் மாதக்கணக்காக ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்து ரகசியமாகத் திட்டம் போட்டிருந்தார்: எல்லோரும் ஒரே சமயத்தில் பிரான்ஸை விட்டுக் கிளம்பி துனீசியாவின் தலைநகர் துனிஸ் போய்ச் சேர்ந்து, அங்கே அல்ஜீரியாவுக்கென்று ஓர் அணி அமைக்க வேண்டும்.

மெக்லூஃபிக்கு இதில் கூடுதல் ஆபத்து இருந்தது. அவர் கட்டாய ராணுவ சேவையில் இருந்தவர். பிடிபட்டால் கிளப் ஒப்பந்தத்தை மீறிய குற்றத்தோடு போகாது, போர்க்காலத்தில் படையை விட்டு ஓடிய குற்றமாகிவிடும். புறப்பட வேண்டிய நேரத்தில் ஆட்டத்தில் இன்னொருவரோடு மோதித் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் வேறு கிடந்தார். லியோன் கிளப்பின் கெர்மாலியும், அரிபி என்ற மூத்த ஆட்டக்காரரும் வந்து அவரைக் காரில் அழைத்துக்கொண்டு சுவிஸ் எல்லைக்குப் போனார்கள். எல்லைக் காவலர்களுக்கு மெக்லூஃபியை அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனால் ஆட்டக்காரர்கள் காணாமல்போன செய்தி இன்னும் அவர்கள் காதுக்கு எட்டவில்லை. நட்சத்திரத்தைப் பார்த்த சந்தோஷத்தில் வழிவிட்டார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மொனாக்கோவின் ஷப்ரி இத்தாலிய எல்லையில் பிடிபட்டார். ரேன்ஸ் கிளப்பின் மவூஷாலும் அந்த முறை வந்து சேர முடியவில்லை. ஸித்தூனி, 1954 உலகக் கோப்பையில் பிரான்ஸுக்கு ஆடிய பென் திஃபூர், கோல்கீப்பர் பூபெக்கர், மேலே சொன்ன துலூஸ் ஜோடி என்று பத்துப் பேர் துனிஸ் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் பிரெஞ்சுப் பத்திரிகைகளின் முதல் பக்கம் முழுக்க இதே செய்தி. அதுவரை அல்ஜீரியாவில் என்ன நடக்கிறது என்று கவலைப்படாத சாதாரண ரசிகன்கூட, இவர்கள் ஏன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள் என்று யோசிக்க வேண்டி வந்தது. எஃப்.எல்.என். எதிர்பார்த்ததும் அதைத்தான்.

மெக்லூஃபி ஏன் போனார் என்று கேட்டால் அவருடைய ஊரைப் பார்த்தாலே போதும். ஸெத்திஃப். 1945 மே 8, ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த நாள். அந்த ஊரில் அல்ஜீரியக் கொடியோடு ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் சுட்டது. தொடர்ந்து பல வாரங்கள் நடந்த ஒடுக்குமுறையில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அப்போது அவருக்கு எட்டு வயது.

இந்த அணியை ஃபிஃபா ஏற்கவில்லை. அதோடு ஆடும் நாடுகளுக்குத் தடை என்று மிரட்டியது. ஆனாலும் நான்கு ஆண்டுகளில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்கள். துனீசியா, மொராக்கோ, லிபியா, ஈராக், ஜோர்டான், அப்புறம் கிழக்கு ஐரோப்பா, சீனா, வட வியட்நாம் வரை. ஹனோயில் ஹோ சி மின் அவர்களை வரவேற்றார். 1961ல் யுகோஸ்லாவியாவை பெல்கிரேடிலேயே 6-1 என்று அடித்தார்கள். பிரான்ஸில் சொகுசாக இருந்தவர்கள் இங்கே சிறு தொகையில் குடும்பம் நடத்தினார்கள். ஆட்டத்துக்கு முன் கொடியேற்றி, இன்னும் பிறக்காத ஒரு நாட்டின் கீதத்தைப் பாடினார்கள். வேறெந்த நாட்டிலாவது தேசிய கீதம் அரசாங்கம் அமைவதற்கு முன்பே இத்தனை மைதானங்களில் ஒலித்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

1962ல் விடுதலை. மெக்லூஃபி ஜெனீவா வழியாக சேந்த்-எத்தியெனுக்கே திரும்பினார். ஊர் மக்கள் எப்படி நடத்துவார்களோ என்று பயம் இருந்திருக்கும். அவர்களோ பந்தைத்தான் பார்த்தார்கள். 1964, 67, 68 என்று மூன்று லீக் பட்டம். 1968 பிரெஞ்சுக் கோப்பை இறுதியில் போர்தோவை 2-1 என்று வென்றபோது இரண்டு கோலும் அவருடையவை. கோப்பையைக் கையில் கொடுத்தவர் யார் தெரியுமா? அதிபர் து கோல். பத்து ஆண்டுகளுக்கு முன் யாருடைய படையை விட்டு ஓடினாரோ அந்த நாட்டின் தலைவர் கையால் கோப்பை. மெக்லூஃபி 2024 நவம்பரில், 88 வயதில் காலமானார்.

புது நாட்டின் முதல் அதிபர் அகமது பென் பெல்லாவும் கால்பந்துக்காரர். 1940ல் ராணுவ வீரராக மார்செய்யில் இருந்தபோது அந்த ஊர் கிளப்புக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடி ஒரு கோலும் போட்டவர். 1964 புத்தாண்டு நாளில் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-0 என்று வீழ்த்தியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஜெர்மன்காரர்கள் மறந்துவிட்டார்கள். 1965 ஜூன் 17 அன்று பெலே ஆடிய பிரேசில் அணி ஒரான் வந்து 3-0 என்று ஜெயித்தது. பென் பெல்லாவும் மைதானத்தில் இருந்து பார்த்தார். இரண்டே நாளில், 19ஆம் தேதி, ராணுவத் தலைவர் பூமெதியன் அவரைக் கவிழ்த்துச் சிறையில் அடைத்தார்.

பூமெதியன் காலத்துக் கால்பந்து அரசாங்கத்தின் கால்பந்து. 1975ல் அல்ஜியர்ஸில் மத்திய தரைக்கடல் விளையாட்டுகள். இறுதி ஆட்டம் பிரான்ஸோடு. பயிற்சியாளர் நம்ம மெக்லூஃபி. கடைசி நிமிடம் வரை பிரான்ஸ் 2-1. தங்கள் தலைநகரில், தங்கள் அதிபர் முன்னால், பிரெஞ்சு தேசிய கீதம் ஒலிக்கப்போகிறது. அப்போது பெத்ரூனி ஒரு கோல் போட்டு சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 3-2. மறு ஆண்டு அதே பெத்ரூனியின் கிளப்பான மூலூதியா ஆப்பிரிக்க சாம்பியன் கோப்பை இறுதியில் கினியாவின் ஹாஃபியாவிடம் வெளியூரில் 0-3 என்று தோற்று, ஊருக்கு வந்து 3-0 என்று திருப்பி அடித்து, பெனால்டியில் ஜெயித்தது.

1977ல் கிளப்புகளை அரசு நிறுவனங்களோடு கட்டிப்போட்டார்கள். மூலூதியா எண்ணெய் நிறுவனத்தின் கையில் போனது. பெயர்கள்கூட மாறின. இதில் அதிகம் அடிவாங்கிய பெயர் ஜே.எஸ். கபிலி. கபிலி என்பது அமாஸிக் மொழி பேசும் மலைநாடு. அரபு மொழியே எல்லாம் என்ற அரசின் காலத்தில் அந்த மொழியைப் பயமில்லாமல் உரக்கப் பேச இருந்த இடம் மைதானத்தின் படிக்கட்டுதான். ஜே.எஸ்.கே. என்ற எழுத்துகளை ரசிகர்கள் பிரெஞ்சில் 'நான் கபிலியன்' என்று விரித்துச் சொல்வார்கள். 1977 கோப்பை இறுதியில் பூமெதியன் முன்னிலையிலேயே கோஷம் போட்டார்கள். அதற்குப் பிறகு கிளப்பின் பெயரே மாறிவிட்டது. 'திஸி ஊஸூ மின்னணு' என்கிற மாதிரி ஒரு பெயர் ஒட்டப்பட்டது (திஸி ஊஸூ அந்தக் கிளப்பின் ஊர்). அந்தப் பெயரோடும் 1981ல் ஆப்பிரிக்க சாம்பியன் ஆனார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, 1982. அல்ஜீரியக் கால்பந்து என்றதும் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வருவது இதுதான். அல்ஜீரியாவுக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை. அணியில் பெரும்பாலோர் உள்ளூர் கிளப்பில் ஆடியவர்கள், ஏனென்றால் 28 வயது ஆகும்வரை வெளிநாட்டுக்குப் போக அரசு விடாது. முதல் ஆட்டம் ஐரோப்பிய சாம்பியன் மேற்கு ஜெர்மனியோடு, ஸ்பெயினின் கிஹோன் நகரில், ஜூன் 16. ஏழாவது கோலை மனைவிகளுக்கும் எட்டாவதை நாய்களுக்கும் சமர்ப்பிப்போம் என்று ஒரு ஜெர்மன் ஆட்டக்காரர் கேலி செய்ததாக இன்றும் சொல்வார்கள். 54வது நிமிடம் ராபா மாஜர் கோல் போட்டார். 67ல் ரும்மனிகே சமன் செய்தார். சரி, இனி ஜெர்மனி பிழிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நடுக்கோட்டில் பந்தை வைத்து அல்ஜீரியா மறுபடி ஆரம்பித்தது. ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்கு, பின்னால், பக்கவாட்டில், இடது ஓரம் என்று பந்து போனது. ஒரு ஜெர்மன் காலும் அதைத் தொடவில்லை. இடது ஓரத்திலிருந்து அஸாத் குறுக்கே அடிக்க, மறுமுனையில் ஓடிவந்த லக்தர் பெல்லூமி உள்ளே தட்டிவிட்டார். சமன் ஆகி ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. 2-1. முடிந்தால் அந்தக் கோலை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அப்புறம் ஆஸ்திரியாவிடம் 0-2 தோல்வி, சிலியிடம் 3-2 வெற்றி. ஜூன் 25ஆம் தேதி அதே கிஹோனில் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் கடைசி ஆட்டம். அல்ஜீரியா முந்தின நாளே ஆடி முடித்துவிட்டதால் கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஜெர்மனி ஒன்றோ இரண்டோ கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இருவரும் அடுத்த சுற்றுக்கு, அல்ஜீரியா வீட்டுக்கு. பத்தாவது நிமிடம் ஜெர்மனியின் ஹ்ரூபெஷ் கோல் போட்டார். மிச்சம் எண்பது நிமிடமும் இரண்டு அணிகளும் பந்தைத் தங்களுக்குள் உருட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தின. அல்ஜீரிய ரசிகர்கள் பண நோட்டுகளை ஆட்டிக் காட்டினார்கள். ஆஸ்திரியத் தொலைக்காட்சி வர்ணனையாளர் பார்ப்பவர்களிடம் டிவியை அணைத்துவிடச் சொன்னார். கிஹோனின் உள்ளூர்ப் பத்திரிகை ஆட்டச் செய்தியைக் குற்றச் செய்திகள் பக்கத்தில் போட்டது. அல்ஜீரியா புகார் கொடுத்தது, ஃபிஃபா தள்ளிவிட்டது. ஆனால் 1986லிருந்து ஒவ்வொரு பிரிவின் கடைசி ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அந்த விதி பிறந்த இடம் இதுதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கைச் சொல்கிறேன். சிலியோடு பாதி ஆட்டம் முடிந்தபோது அல்ஜீரியா 3-0. இரண்டாம் பாதியில் அசந்து இரண்டு கோல் வாங்கினார்கள். அதை வாங்காமல் இருந்திருந்தால் அல்ஜீரியா அடித்தது 5, வாங்கியது 3. ஆஸ்திரியா 0-1 என்று தோற்றால் அடித்தது 3, வாங்கியது 1. வித்தியாசம் சமம், அடித்த கோல் அல்ஜீரியாவுக்கு அதிகம். ஆஸ்திரியா வெளியே போயிருக்கும், ஆகவே எண்பது நிமிடம் பந்து உருட்டவும் ஒப்புக்கொண்டிருக்காது. கிஹோன் அநியாயம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கதவைத் திறந்துவைத்தது அந்த இரண்டு கோல்.

மாஜர் 1987ல் போர்ச்சுகலின் போர்ட்டோ கிளப்புக்காக ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ஜெர்மனியின் பயர்ன் கிளப்புக்கு எதிராகக் குதிகாலால் அடித்த கோல் இன்னொரு கதை. பிரெஞ்சில் குதிகால் கோலுக்கு இன்றும் 'மாஜர்' என்றே பெயர். 1988ல் ஸெத்திஃப் கிளப் உள்நாட்டில் இரண்டாம் பிரிவில் கிடந்தபடியே ஆப்பிரிக்க சாம்பியன் ஆனது. 1990ல் சொந்த மண்ணில் ஆப்பிரிக்கக் கோப்பை. இறுதியில் நைஜீரியாவை 1-0. கோல் போட்டவர் ஷெரிஃப் ஊஜானி, பிரான்ஸின் லான்ஸ் நகரில் பிறந்தவர். அவர் அப்பா அகமது ஊஜானி எஃப்.எல்.என். அணியில் ஆடியவர். பயிற்சியாளர்? மெக்லூஃபியைக் காரில் அழைத்துப்போன அதே கெர்மாலி.

அதன் பிறகு இருட்டு. 1992ல் தேர்தல் ரத்தானது, உள்நாட்டுப் போர், 'கறுப்புப் பத்தாண்டு'. 1995 ஜனவரியில் கால்பந்துச் சம்மேளனத் தலைவரையே சுட்டுக்கொன்றார்கள். அந்தக் காலத்தில் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

2001 அக்டோபரில் பிரான்ஸும் அல்ஜீரியாவும் முதன்முறையாக முறையான சர்வதேச ஆட்டத்தில் மோதின, பாரிஸில். பிரான்ஸ் ஆட்டக்காரர்களில் பெரிய பெயரான ஸிதானின் பெற்றோர் கபிலி மலைக்காரர்கள். 4-1 என்று இருக்கும்போது 76வது நிமிடத்தில் இளைஞர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள், ஆட்டம் அத்தோடு நின்றது. இறங்கியவர்களில் பெரும்பாலோர் அல்ஜீரியக் கொடி பிடித்த பிரெஞ்சுப் பிள்ளைகள். அல்ஜீரியாவின் அந்த ஒரு கோலைப் போட்டவர் பாரிஸ் புறநகரில் பிறந்த ஜமால் பெல்மாதி. பெயரை ஞாபகம் வையுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இங்கே வருகிறது. இளையோர் அணியில் ஒரு நாட்டுக்கு ஆடியவர் பெரியவர்கள் அணியில் இன்னொரு நாட்டுக்கு ஆடலாம் என்று 2004ல் ஃபிஃபா விதி மாறியது, ஆனால் 21 வயதுக்குள் முடிவெடுக்க வேண்டும். முதலில் அதைப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் பிரான்ஸில் பிறந்த அந்தார் யஹியா. 2009ல் அல்ஜீரியச் சம்மேளனம் முன்னின்று வாதாடி அந்த வயது வரம்பையும் எடுக்க வைத்தது. மெக்னி, யெப்தா என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் எகிப்தோடு உலகக் கோப்பைத் தகுதிச் சண்டை. கெய்ரோவில் அல்ஜீரிய அணியின் பஸ் மீது கல் விழுந்து ஆட்டக்காரர்களுக்கு ரத்தக்காயம். 2-0 என்று எகிப்து ஜெயித்ததில் இரண்டு நாடும் எல்லாக் கணக்கிலும் சமம். நான்கு நாள் கழித்து சூடானின் ஓம்துர்மானில் ஒரே ஒரு ஆட்டம். அந்தார் யஹியா அடித்த ஒரு கோல், 24 ஆண்டுகளுக்குப் பிறகு உலகக் கோப்பைக்கான வாய்ப்பு. எகிப்து தன் தூதரைத் திரும்ப அழைக்கும் அளவுக்கு விஷயம் முற்றியது.

2014 பிரேசிலில் இருந்த 23 பேரில் 16 பேர் பிரான்ஸில் பிறந்தவர்கள். தென் கொரியாவை 4-2 என்று வென்று முதன்முறையாக இரண்டாம் சுற்று. எதிரில் மறுபடி ஜெர்மனி. நமக்கு அது ஜூலை 1, அதிகாலை ஒன்றரை மணி. அலாரம் வைத்து எழுந்து பார்த்தேன். அல்ஜீரியாவின் ஸ்லிமானி ஓட ஓட, ஜெர்மன் கோல்கீப்பர் நோயர் தன் கோல் எல்லையை விட்டு வெளியே ஓடிவந்து டிஃபென்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 90 நிமிடம் 0-0. கூடுதல் நேரத்தில் 2-1 என்று ஜெர்மனி தப்பியது, பிறகு கோப்பையையும் வென்றது. அல்ஜீரியாவை ஜெர்மனி தோற்கடித்தது அதுதான் முதல் தடவை.

2019ல் மைதானமும் தெருவும் மறுபடி ஒன்றானது. யூ.எஸ்.எம். அல்ஜேர் ரசிகர்கள் அதிபர் பூத்தஃப்லிக்காவின் ஆட்சியைக் கிண்டல் செய்து முந்தின ஆண்டு கட்டிய பாட்டை லட்சக்கணக்கானோர் வெள்ளிக்கிழமை ஊர்வலங்களில் பாடினார்கள். ஏப்ரலில் அவர் பதவி விலகினார். ஜூலையில் கெய்ரோவில் அல்ஜீரியா ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. அரையிறுதியின் கடைசி நொடிகளில் மஹ்ரேஸின் ஃப்ரீ கிக், இறுதியில் இரண்டாவது நிமிடத்திலேயே பூனெஜாவின் கோல். பயிற்சியாளர் அந்த பெல்மாதிதான்.

2022 மார்ச்சில் கேமரூன் 124வது நிமிடத்தில் கோல் போட்டு அல்ஜீரியாவின் கத்தார் உலகக் கோப்பைக் கனவைக் கலைத்தது. 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி கிடைத்தது. ஸிதானின் மகன் லூக்கா இப்போது அல்ஜீரியாவின் கோல்கீப்பர்களில் ஒருவர். அப்பா நீலச் சட்டை, பிள்ளை பச்சை வெள்ளை. 2025 டிசம்பரில் உலகக் கோப்பைக் குலுக்கல் நடந்தது. அல்ஜீரியா விழுந்த பிரிவில் அர்ஜென்டினா, ஜோர்டான், அப்புறம் ஆஸ்திரியா. அட்டவணைப்படி பிரிவின் கடைசி நாளில் அல்ஜீரியாவுக்கு எதிரே ஆஸ்திரியா. இன்னொரு மைதானத்தில் அர்ஜென்டினாவும் ஜோர்டானும், அதே மணிக்கு.